செவ்வாய்க்கிழமை மகாராணி

அவர் யாரையும் "வர்றீங்களா?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "வரணும்" என்பார். நேரம், இடம், கொண்டுவர வேண்டிய பாத்திரம் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும். பிறகு போனை வைக்கும் சத்தம். நியூஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டுக்கு நாங்கள் குடிவந்த முதல் மாதத்தில் எனக்கும் அந்தப் போன் வந்தது.

"கரூர்ப் பொண்ணு ஒண்ணு புதுசா வந்திருக்குன்னாங்க. நீதானே? ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பொங்கல் வெக்கணும். பெரிய பாத்திரம் இருந்தா எடுத்துட்டு வரணும், கண்ணு."

யார் பேசுகிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னிடம் இருந்தது இரண்டு பேருக்குச் சமைக்கும் குக்கர். அதை எடுத்துக்கொண்டு போனேன். அதைப் பார்த்தவர் சிரிக்கவில்லை. "இதுல சாமிக்குத் தனியா வெச்சிரு. ஊருக்கு நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. இன்று அந்தக் கோயிலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களுக்கு நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. நேரில் ஆன்ட்டி என்போம். முதுகுக்குப் பின்னால் மகாராணி. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். குள்ளம். பட்டுப் புடவைக்குக் கீழே வெள்ளை ஓட்ட ஷூ போட்டிருப்பார். ஒரு மருத்துவமனை லேபில் இரத்தம் பரிசோதிக்கும் வேலை. அங்கே நாளெல்லாம் யாரோ எழுதி அனுப்பிய உத்தரவைச் செய்துவிட்டு, சாயந்திரம் எங்களுக்கு உத்தரவு போடுவார்.

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை சொல்லிக்கொடுக்கப் பார்த்து, இரண்டு தடவையும் சண்டையாகி விட்டுவிட்டார். ஒரு சனிக்கிழமை வாசலில் ஹாரன் சத்தம். "ஏறணும். டிரைவர் சைடுல." நேராக ரூட் ஒன் நெடுஞ்சாலைக்கு ஓட்டச் சொன்னார். எனக்குக் கை ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டது.

"ஆன்ட்டி, பின்னாடி லாரி வருதுங்க."

"வரட்டும். அவனும் வூட்டுக்குத்தான் போறான்."

மூன்று மாதத்தில் லைசென்ஸ் வாங்கினேன். பள்ளிக்கூடப் படிப்போடு நின்று, கல்யாணம் ஆகி, இங்கே வந்து நாலு சுவருக்குள் இருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் "சரி, செவ்வாக்கிழமை யாரையெல்லாம் கூட்டிட்டு வர்றே?" என்றுதான் கேட்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமைதான் எங்கள் எல்லோருடைய வாழ்க்கையையும் நாலு வருடம் தின்றது.

எங்களுக்கு அடுத்த டவுன்ஷிப்பில், சோயா வயலை ஒட்டி, ஒரு பழைய பண்ணை வீட்டோடு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நிலம் வாங்கியிருந்தோம். அந்த வீட்டின் கூடத்தில் முருகன் படம் வைத்து ஞாயிறுதோறும் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். அங்கே முறையாகக் கோயில் கட்ட டவுன்ஷிப்பின் போர்டு அனுமதி கொடுக்க வேண்டும். அந்த ரோட்டில் இருந்த வீட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள். "எங்கள் ரோட்டைக் கிராமமாகவே விடுங்கள்" என்று வீட்டுக்கு வீடு புல்வெளியில் பலகை நட்டார்கள். அவர்கள் ஒரு லாயர் வைத்தார்கள், நாங்கள் ஒரு லாயர் வைத்தோம். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் போர்டு முன்னால் விசாரணை, ஹியரிங். "முருகனுக்கு உகந்த கிழமை. அவங்களே தேடிக் குடுத்திருக்காங்க" என்று ஆன்ட்டி சந்தோஷப்பட்டார்.

ஏன் இந்தக் கோயில் அவருக்கு அவ்வளவு முக்கியம் என்பதை ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார், காரில் போகும்போது. அவர் மாமியார் இங்கே வந்த இடத்தில், பனிக்காலத்தில் இறந்துபோனார். இறுதிச் சடங்குக்கு ஒரு வாடகைக் கூடத்தில் முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ஐயர் பனியில் மாட்டிக்கொண்டார். கோட்டுப் போட்ட ஒரு ஆள் கதவருகில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். ஆன்ட்டி தனக்குத் தெரிந்த இரண்டு பாட்டைப் பாடி முடித்து வைத்திருக்கிறார். "நமக்குன்னு ஒரு எடம் இருந்தா எவனும் மணி பாக்க மாட்டான் கண்ணு" என்றார்.

சண்டை வருவதற்கு முன்னால் அவர் எங்களுக்கு ராணி இல்லை. பொங்கல் வைக்கக் கூப்பிடும் ஒரு ஆன்ட்டி, அவ்வளவுதான். பலகைகள் நடப்பட்ட பிறகுதான் எல்லோரும் அவரைச் சுற்றி வந்து நின்றார்கள், கோயில் கமிட்டிக்குத் தலைவியும் ஆக்கினார்கள். ஒரு வீட்டின் தபால் பெட்டியை யாரோ உடைத்தபோது, ஒரு குழந்தையைப் பள்ளி பஸ்ஸில் கேலி செய்தபோது, பயந்தவர்கள் முதலில் கூப்பிட்டது அவரைத்தான். அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

ஒரு ஹியரிங்கில் எதிர்த் தரப்பு லாயர் எங்கள் வரைபடத்தைத் தூக்கிக் காட்டி, இந்த மயில் உயிரோடு இருக்குமா, ஏனென்றால் கால்நடை வளர்க்கத் தனி விதி இருக்கிறது என்று கேட்டார். ஆன்ட்டி எழுந்து ஆங்கிலத்தில் சொன்னார்: "அது கல் மயில். உங்க கட்சிக்காரரோட நாய் மாதிரி அது கத்தாது." நாங்கள் கைதட்டினோம். முன் வரிசையில் அந்த நாய்க்குச் சொந்தக்காரியான வயதான அம்மா சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவின் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு நானும்தான் கைதட்டினேன்.

ஹியரிங்குக்கு ஆள் சேர்க்க ஒரு போன் பட்டியல் உண்டு. எனக்குப் பதினோரு வீடு. போனில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவது எனக்கு விஷம். ஆன்ட்டியிடம் சொன்னேன்.

"நீ எதுவும் பேச வேண்டாம். செவ்வாக்கிழமை வரணும்னு மட்டும் சொல்லு. முடியாதும்பாங்க. ஏன்னு கேக்காதே. போனைப் புடிச்சுட்டுச் சும்மா இரு."

"எவ்வளவு நேரமுங்க?"

"அவங்க வர்றேங்கற வரைக்கும்."

அது பலித்தது. பதினோரு வீட்டிலும் பலித்தது. "மகாராணி உத்தரவாக்கும்" என்று சலித்துக்கொண்டே வந்தார்கள். என் வீட்டுக்காரரும் டையைத் தளர்த்திக்கொண்டே வருவார்.

ஆனால் சண்டை நீள நீள, வேலை எல்லாம் வேறு கைகளுக்குப் போனது. லாயரிடம் பேச, மருந்துக் கம்பெனியில் மேனேஜராக இருந்த சுந்தரை ஆன்ட்டியே செயலாளர் ஆக்கினார். வரைபடத்தை ஒரு இன்ஜினீயர் பார்த்தார். முகவரிப் பட்டியல் ஒருவருடைய கம்ப்யூட்டருக்குள் போனது. ஒவ்வொன்றுக்கும் "நீ பாத்துக்கோ சாமி" என்று சொல்லிக் கொடுத்தது அவர்தான். மூன்றாவது வருடத்தில் லாயர் அனுப்பும் கடிதங்கள் சுந்தர் வீட்டுக்குத்தான் வந்தன. ஆன்ட்டி கையில் மீதி இருந்தது எங்களைப் போனில் கூப்பிடுவது மட்டும். அதை இன்னும் பலமாகச் செய்தார்.

அப்படித்தான் அந்தப் பெரிய கூட்டம் நடந்தது. முக்கியமான ஹியரிங், நம் பலத்தைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். "எங்க ஊர்ல தாலுகா ஆபீசுக்குப் பத்துப் பேரு போனா வாட்ச்மேனே வெரட்டிருவான். ஐந்நூறு பேரு போனா தாசில்தாரே வெளிய வந்து மனு வாங்குவாரு." பட்டியலில் உள்ள எல்லா வீட்டுக்கும் போன் போனது. நான் என் பதினோரு வீட்டோடு இன்னும் இருபது வீட்டைச் சேர்த்துக் கூப்பிட்டுச் சும்மா இருந்தேன்.

வந்தார்கள். ஆபீசிலிருந்து நேராக வந்ததால் ஆளுக்கொரு கார். புருஷன் ஒரு கார், மனைவி ஒரு கார். டவுன்ஷிப் கட்டடத்தின் பார்க்கிங் நிரம்பி, எதிர்க் கடை நிரம்பி, ரோட்டின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் கார். கூடத்தில் நிற்க இடமில்லை. போர்டுத் தலைவர் மைக்கைப் பிடித்து, வழக்கமாக உங்கள் வழிபாட்டுக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று ஆன்ட்டியைக் கேட்டார்.

எங்கள் விண்ணப்பத்தில் ஞாயிற்றுக்கிழமைக்குச் சில டஜன் கார்கள்தான் வரும் என்று எழுதியிருந்தது. அதை வைத்துத்தான் எங்கள் லாயர் மூன்று வருடம் வாதாடியிருந்தார். ஆன்ட்டி திரும்பி எங்களைப் பார்த்தார். அப்படி ஒரு பூரிப்பை அவர் முகத்தில் நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. மைக்கில் சொன்னார்: "இதெல்லாம் கம்மி. திருவிழா வந்தா இதைப் போல ரெண்டு பங்கு வருவாங்க."

எங்கள் லாயர் பேனாவை மேசையில் வைத்தார். எதிர்த் தரப்பு லாயர் எழுத ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் தீயணைப்பு அதிகாரி வந்து, கூட்டம் அளவுக்கு மேல் போய்விட்டது என்று ஹியரிங்கையே நிறுத்தினார். வெளியே வந்தால், நாய்க்கார அம்மாவின் மகன் டார்ச் பிடித்து ஒவ்வொரு காராகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். ஆன்ட்டி அவனைப் பார்த்துக் கையசைத்தார்.

"நல்லா எடுத்துக்கோ சாமி" என்றார் தமிழில். எங்களைப் பார்த்து, "பயந்துட்டாங்க பாருங்க" என்றார்.

அடுத்த மாதம் அந்தப் போட்டோக்கள் பெரிதாக்கப்பட்டு அட்டைகளில் ஒட்டி வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. அனுமதி மறுக்கப்படும் என்று லாயர் சொல்லிவிட்டார். மறுத்தால் அந்த இடத்தில் கோயில் என்பது கனவிலும் கிடையாது. லாயர் செலவில் அவர்களும் களைத்திருந்தார்கள் போல, அப்போதுதான் எதிர்த் தரப்பிலிருந்து சமாதானப் பேச்சு வந்தது. கட்டடம் சின்னதாக வேண்டும், மணி உள்ளே மட்டும் அடிக்க வேண்டும், கார்களுக்கு ஒரு வரம்பு வேண்டும். இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டால் அவர்கள் எதிர்ப்பை விடுவார்கள். கூடவே ஒன்று: ஆன்ட்டி பொறுப்பில் இருக்கும்வரை யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

இதைச் சொல்ல சுந்தரும் இன்னும் மூன்று பேரும் ஒரு சனிக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு வந்தார்கள். ஏன் என் வீட்டுக்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. டீ கொடுத்தேன்.

"ஆன்ட்டி எவ்வளவு பண்ணியிருக்காங்க, நோ டவுட்" என்றார் சுந்தர். "பட், பீப்புள் ஆர் டயர்டு. என் ஒய்ஃப் செவ்வாக்கிழமைன்னாலே அழறா. இதை முடிச்சே ஆகணும்."

"அவங்களே பிரசிடென்ட் பதவியை விட்டுட்டா கௌரவமா இருக்கும்" என்றார் இன்னொருவர்.

"யார் சொல்றது?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"உங்க மேல அவங்களுக்குத் தனிப் பாசங்க" என்றார் சுந்தர். "நாங்க போனா கத்துவாங்க. நீங்க சாஃப்ட்டா சொன்னா ஏத்துக்குவாங்க."

"சொல்லிருவா, சொல்லிருவா" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆன்ட்டி கற்றுக்கொடுத்தபடி காரை ஓட்டிக்கொண்டு, ரூட் ஒன் வழியாகவே அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடத்தை விரித்து வைத்துப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரர், நாங்கள் அங்கிள் என்போம், உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தார். "கை கழுவணும். அரிசிம்பருப்பு சோறு ஆக்கியிருக்கேன்" என்றார். நெய்யை அவரே ஊற்றினார். நான் சாப்பிடச் சாப்பிட, செருப்பு வைக்கும் இடம் எங்கே, குழந்தை வண்டிகள் எங்கே என்று காட்டிக்கொண்டே இருந்தார். பனிக்காலத்தில் யாராவது இறந்தால் உடலை வைத்துச் சடங்கு செய்யக் கோயிலுக்கு வெளியே தனியாக ஒரு கூடம் வரைந்திருந்தார். கட்டடத்தைச் சின்னதாக்கினால் முதலில் போகப்போவது அந்தக் கூடம்தான் என்று எனக்குத் தெரியும். சுந்தர் சொல்லியிருந்தார்.

"என்ன கண்ணு, கீழயே பாத்துட்டிருக்கே? உப்பு கம்மியா?"

"இல்லீங்க ஆன்ட்டி. நல்லாருக்குங்க."

இரண்டு மணி நேரம் இருந்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார், "சொல்லிட்டியா?" என் தலை ஆடியது. அது ஆமாமா இல்லையா என்று அந்த நொடியில் எனக்கே தெரியாது. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் சுந்தரின் போன். "ம்ம், சொல்லிட்டாளாம். ஓகேதானாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம், கோயில் கமிட்டி எல்லா வீட்டுக்கும் அனுப்பும் மாத அறிக்கையின் கட்டுகள் வந்தன. மடித்து, முகவரி ஒட்டி, தபாலில் சேர்ப்பது என் வேலை. முதல் பக்கத்திலேயே இருந்தது. உடல்நலக் காரணங்களால் நம் தலைவி பதவி விலகியுள்ளார், அவருடைய சேவைக்கு நன்றி என்று நாலு வரி. எல்லாவற்றையும் மடித்தேன். ஆன்ட்டியின் முகவரி வந்தபோது அதைத் தனியாக எடுத்து வைத்தேன். கடைசி வரை அது மேசையில் கிடந்தது. பிறகு அதையும் மற்ற கட்டோடு சேர்த்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டேன். தபாலில் போனால் நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். இதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

ஐந்து நாள் அவரிடமிருந்து போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தது. எங்கள் தரப்பில் பத்துப் பேர் மட்டும் போவது என்று ஏற்பாடு. நாங்கள் போனபோது அவர் ஏற்கெனவே தன் வழக்கமான நாற்காலியில், மடியில் ஃபைலோடு இருந்தார். விண்ணப்பத்தின் எண்ணை வாசித்தார்கள். அவர் எழுந்தார். அந்தப் பக்கம் சுந்தரும் எழுந்தார். எங்கள் லாயர், ஆன்ட்டியே தேடிக் கண்டுபிடித்த லாயர், அவரைப் பார்க்காமல் போர்டைப் பார்த்துச் சொன்னார்: இவர் இப்போது விண்ணப்பதாரர் சார்பில் பேசும் பொறுப்பில் இல்லை.

தலைவர் நல்ல மனிதர். "இத்தனை நாள் வந்ததற்கு நன்றி, மேடம்" என்றார். ஆன்ட்டி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. நாய்க்கார அம்மா சுந்தரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாலு வருடச் சண்டை அவ்வளவு சுலபமாக முடிந்தது.

பார்க்கிங்கில் ஆன்ட்டி சுந்தரை நிறுத்தினார். குரல் ஏறவில்லை.

"எனக்கு ஒடம்பு சரியில்லைன்னு போட்டிருக்கீங்க. என்ன வியாதின்னு சொன்னா மாத்திரை வாங்கிக்குவேன்."

சுந்தர் திகைத்துப்போனார். "ஆன்ட்டி, ப்ளீஸ். உங்களுக்குத் தெரியாம எதுவும் பண்ணலை. ரெண்டு வாரம் முன்னாடியே இவங்களை அனுப்பிச் சொன்னோமே. நீங்க ஓகேன்னீங்களாமே."

ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கார்ச் சாவியைத் தேடினார்.

"அன்னைக்கு இதுக்குத்தான் வந்தியா?"

நான் அவருடைய வெள்ளை ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லியிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே கண்ணு. கோயிலு வந்தாப் போதும்னுதானே இருந்தேன்."

அங்கிள் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். ஏறிப் போய்விட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து அங்கிள் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார். கோயில் சம்பந்தப்பட்ட காகிதப் பெட்டிகளைச் சுந்தர் வீட்டில் கொடுக்க அவருக்கு மனமில்லை. என்னிடம் வைத்துவிட்டுப் போக வந்தார். அவர் அதிகம் பேசாதவர். முதல் உலகப் போரைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் படிப்பார், வேறு எதுவும் படிக்க மாட்டார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கேட்காமலே பேசினார்.

"அந்தப் போர்ல ஜெர்மன் ராஜா எப்படிப் போனாருன்னு தெரியுமாம்மா? எதிராளி யாரும் வந்து எறக்கலை. சண்டை நடக்க நடக்க எல்லாம் தளபதிங்க கைக்குப் போயிருச்சு. மெடல் குத்தி விடறதுதான் அவருக்கு வேலை. கடைசியில ஜனங்களுக்குப் பசி, களைப்பு. அமெரிக்காக்காரன் சொல்லிட்டான், ராஜாகூடப் பேச மாட்டோம்னு. சமாதானம் வேணும்னா அவரு போகணும். தோத்தது தளபதிங்க. ஆனா யாரையாவது அனுப்பினாத்தானே மத்தவங்க வீட்டுக்குப் போக முடியும்?"

"அவருக்கு யாருங்க அங்கிள் சொன்னாங்க?"

"அவரு விலகறதுக்கு ஒத்துக்கவே இல்லை. அதுக்குள்ள விலகிட்டாருன்னு மந்திரி ஊருக்கே சொல்லிட்டாரு." டீயைக் குடித்தார். "பட்டாளம் இனி உங்க பின்னால வராதுன்னு அவருகிட்டச் சொல்லணும். பெரிய தளபதிக்கு வாய் வரலை. அழுதுட்டு நின்னாராம். பக்கத்துல இருந்த இன்னொருத்தரு சொன்னாரு."

அந்த ராஜாவுக்காவது ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்க ஆன்ட்டி மேல தப்பே இல்லைன்னு நான் சொல்லலை" என்றார். "அந்த நாய்க்காரம்மாவை அப்படிப் பேசியிருக்க வேண்டாம்."

வாசல் வரை போனவரிடம் அதைக் கேட்டேன். அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. "அங்கிள், நான் சொல்லியிருந்தா அவங்களே எழுதிக் குடுத்திருப்பாங்களாங்க?"

ஷூவை மாட்டினார். "தெரியலைம்மா. அப்பறம் கேட்டா ராஜாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவர்கள் அந்த வருடமே வீட்டை விற்றுவிட்டு டெக்சாஸில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். கோயில் எழும்பியது. சடங்குக் கூடம் இல்லாமல்தான். கும்பாபிஷேக அழைப்பிதழ் அவர்களுக்கும் போனது. பதில் வரவில்லை. இப்போதும் எங்களில் யாராவது இறந்தால் அதே மாதிரி வாடகைக் கூடம்தான், அதே முக்கால் மணி நேரம்தான்.

இரண்டாயிரமாவது வருடம் ஹூஸ்டனில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பக்கத்து ஊரான பேர்லேண்டில் அவர் மகள் வீட்டு முகவரியை வாங்கிக்கொண்டு நான் மட்டும் ஒரு மதியம் போனேன். ஆன்ட்டி கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். ஷூ இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. மகள் உள்ளே போனில் இருந்தபடியே, "அம்மா, ஏசியைத் தொடாதீங்க, நான் செட் பண்ணியிருக்கேன்" என்றாள். "இல்ல சாமி, தொடலை" என்றார். பேரன் பத்து வயதிருக்கும், சோபாவில் படுத்திருந்தான். "கண்ணு, ஆன்ட்டிக்கு ஹலோ சொல்றியா?" என்று அவனைக் கேட்டார். "ஐ டிட்" என்றான் அவன். அவன் சொல்லவில்லை. அவர் அதை விட்டுவிட்டார்.

பேச எங்களுக்கு அதிகம் இருக்கவில்லை. அங்கிளுக்குச் சர்க்கரை, எனக்கு இரண்டாவது பெண் பிறந்தது, கல்யாணச் சாப்பாடு எப்படி. கோயிலைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிளம்பும்போதுதான் கைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். நியூஜெர்சியிலிருந்து கிளம்பும் அன்று காலையில் கோயிலுக்குப் போய், அவருக்கென்று சொல்லி அர்ச்சனை செய்து வாங்கியது.

"நம்ம கோயில்துங்க ஆன்ட்டி."

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"இதையும் உங்கிட்டக் குடுத்துத்தான் அனுப்பினாங்களா?"

"இல்லீங்க. யாரும் அனுப்பலீங்க. நானாத்தான் கொண்டு வந்தேன்."

இந்தத் தடவை சொல்லிவிட்டேன். தெளிவாக, முழுசாகச் சொன்னேன். அவர் "அப்படியா" என்று தலையாட்டினார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை.